நர்ஸிங் படிக்க எந்தக் கம்யூனிட்டி காலேஜ்? பே ஏரியாவில் நான் தேர்ந்தெடுத்த விதம்

சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் நர்ஸிங் படிக்க நினைக்கும் நம் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த காலேஜ் நல்லா இருக்கும்?" என்பதுதான். ஊரில் இதற்குப் பதில் சுலபம். கட்-ஆஃப் எங்கே உயரமோ அது நல்ல காலேஜ். கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடப் பட்டம் தரும் அரசுக் கல்லூரி) நர்ஸிங்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. பேரும் தேர்ச்சி விகிதமும் கூடுதலாக இருந்த கல்லூரியை விட்டுவிட்டு மற்றதில் சேர்ந்தேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று விரிவாக எழுதினால், இப்போது அதே இடத்தில் நிற்கும் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

நான் கோவையில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தவள். கல்யாணமாகி, வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் எச்4 விசாவில் ஃப்ரீமான்ட் வந்தேன். சில வருடங்கள் வீட்டில்தான் இருந்தேன். கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்த பிறகு எனக்கு வேலை அனுமதியும் கிடைத்தது. 2015 மே முதல் நடைமுறைக்கு வந்த எச்4 இஏடி அதுதான். ஐடி பக்கம் போக எனக்கு மனமில்லை. பக்கத்து அபார்ட்மென்ட்டில் இருந்த மலையாளி சேச்சி ஒருவர் நர்ஸ். இரவு வேலை முடித்துக் காலையில் களைத்துப்போய் வருவார். ஆனாலும் அன்று கவனித்த நோயாளிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகம் மலர்ந்துவிடும். அவரைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. ஊரில் சொன்னபோது அத்தை, "எதுக்கு கண்ணு இந்த வேலை? ராத்திரியெல்லாம் நிக்கோணுமே" என்றார். அவர் கவலை நியாயமானது. நம் ஊரில் நர்ஸ்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் மரியாதையையும் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

புதிதாக யோசிப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். இங்கே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் வாங்க ஏடிஎன், பிஎஸ்என் என்று இரண்டு பாதைகள் உண்டு. ஏடிஎன் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம். பிஎஸ்என் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டம். இரண்டு பேரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு, வாங்குவதும் ஒரே உரிமம். இரண்டு வருடம் என்று சொன்னாலும் அதற்கு முன்னால் ப்ரீரெக், அதாவது சேர்வதற்கு முன்பே முடிக்க வேண்டிய பாடங்கள் இருக்கின்றன. அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, இவற்றை எடுப்பதற்கே ஒரு வேதியியல் பாடம், அப்புறம் ஆங்கிலம், சைக்காலஜி, பல இடங்களில் புள்ளியியலும். எல்லாம் சேர்த்தால் மூன்று வருடத்துக்குக் குறையாது. பலருக்கு நான்கு ஆகிவிடும். மனதளவில் இதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

செலவைப் பார்த்தால் கம்யூனிட்டி காலேஜுக்கு ஈடு கிடையாது. மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். மொத்தம் 70 யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் கட்டணம் 3,220 டாலர்தான். புத்தகம், யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், தேர்வுக் கட்டணம், பார்க்கிங் எல்லாம் தனி. இந்த 46 டாலர் எச்4-இல் இருப்பவர்களுக்குக் கிடைக்காது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்து, இங்கேயே நிலையாக இருக்கும் எண்ணத்துக்கு வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் போன்ற சான்றுகளைக் காட்டினால் எச்4-ஐயும் மாநிலவாசியாக ஏற்கிறார்கள். சேர்க்கை அலுவலகத்தில் முன்னால் இருக்கும் ஊழியர் முதலில் "இல்லை" என்று சொல்லக்கூடும். ரெசிடென்சியைப் பார்க்கும் அதிகாரியிடம் நேரில் பேசுங்கள். வெளிமாநிலக் கட்டணம் பல மடங்கு. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தனியார் கல்லூரிகள் காத்திருப்பு இல்லாமல் உடனே சேர்த்துக்கொள்வதாக விளம்பரம் செய்யும். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் கட்டணம் மலைக்க வைக்கும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும், மாநில நர்ஸிங் வாரியமான பிஆர்என் ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று வாரியத்தின் பட்டியலிலேயே பார்த்துவிட வேண்டும். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்கள் விற்கப்பட்ட விவகாரம் வெளியே வந்து, 25 பேர் மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. குறுக்கு வழி காட்டுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒப்புதலுக்கு மேல் ஏசென் போன்ற அமைப்புகளின் தேசிய அங்கீகாரமும் இருந்தால் பின்னால் பிஎஸ்என் சேரும்போதும், வேறு மாநிலம் போகும்போதும், ராணுவ வீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் வேலை தேடும்போதும் சுலபம். கம்யூனிட்டி காலேஜ் எல்லாவற்றுக்கும் இந்த அங்கீகாரம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டுப் பாருங்கள்.

சரி, எங்கள் பக்கத்தில் என்னென்ன கல்லூரிகள்? ஓலோனியின் நர்ஸிங் துறை நூவார்க் வளாகத்தில் இருக்கிறது. ஹேவர்டில் சாபோ, கூபர்டினோவில் டி ஆன்ஸா, சான் ஹோஸேயில் எவர்கிரீன் வேலி, விரிகுடாவின் எதிர்க்கரையில் காலேஜ் ஆஃப் சான் மத்தேயோ, வடக்கே ஓக்லாண்டில் மெரிட். இன்னும் தள்ளிப் போகத் தயார் என்றால் சான் பாப்லோ, பிட்ஸ்பர்க் வரை உண்டு. டி ஆன்ஸா குவார்ட்டர் முறை, ஓலோனி செமஸ்டர் முறை. ஒன்றரை குவார்ட்டர் யூனிட் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம். ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் பகுதி பகுதியாக எடுக்க நினைத்தால் இந்தக் கணக்கு காலை வாரிவிடும். அனாடமியும் ஃபிசியாலஜியும் ஒரே கல்லூரியில் முடித்துவிடுவது நிம்மதி.

அடுத்து, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை. எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்பதைப் பெருமளவு இதுதான் முடிவு செய்கிறது. தொடங்குபவர்கள் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ்கள் எல்லாம் ஒரே மாதிரி தேர்ந்தெடுப்பதில்லை. சில இடங்களில் குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும், அதற்கு மேல் குலுக்கல். சில இடங்களில் புள்ளி முறை. இரண்டையும் கலந்து வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு, முறையை நடுவில் மாற்றும் கல்லூரிகளும் உண்டு. குலுக்கல் கல்லூரியை மட்டும் நம்பியிருந்தால், ஏ வாங்க இரவெல்லாம் படித்ததற்குத் தனிப் பலன் கிடையாது. புள்ளிக் கல்லூரியில் ஒவ்வொரு கிரேடும் கணக்கில் வரும். ஆங்கிலத்தின் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி), மூன்று உயிரியல் பாடங்களின் ஜிபிஏ, மொத்த ஜிபிஏ, உயிரியல் பாடத்தைத் திரும்ப எடுத்தீர்களா என்பது வரை பார்ப்பார்கள். அதனால் பி வரும்போல் இருக்கிறது, அடுத்த செமஸ்டரில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு உயிரியல் பாடம் என்று வைத்துக்கொண்டு அதில் முழுமூச்சாக இறங்குவது மேல். நான் அப்படித்தான் எடுத்தேன். வேகமாக முடிக்க அனாடமியையும் மைக்ரோவையும் சேர்த்து எடுத்த தோழிகள் திணறியதைப் பார்த்தேன்.

புள்ளி முறையில் நம்மவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. மாநிலக் கல்விச் சட்டம் சொல்லும் அளவுகோல்களில், ஆங்கிலம் அல்லாத வேறு மொழி தெரிந்திருப்பதும் ஒன்று. அதில் இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்திருப்பதற்குப் புள்ளி! அதை எப்படி நிரூபிப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். நான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததற்கான கடிதத்தையும் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பது, மருத்துவமனையில் வேலை அல்லது தன்னார்வப் பணி, குறைந்த குடும்ப வருமானம், குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருவது, இவற்றுக்கும் புள்ளி தரலாம் என்று சட்டம் சொல்கிறது. இந்தியப் பட்டத்தை முன்கூட்டியே மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி வையுங்கள். ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் வந்து சேரும் வேகம் உங்களுக்கே தெரியும்.

சேர்க்கைக்கு டீஸ் என்ற நுழைவுத் தேர்வும் உண்டு. வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என நான்கு பகுதி, 170 கேள்விகள், 209 நிமிடம். கம்யூனிட்டி காலேஜ்களில் 62 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. புள்ளிக் கல்லூரிகளில் அதற்கு மேல் எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கணக்கு நமக்குச் சிரமமே இல்லை. ஆங்கில இலக்கணமும் வாசிப்பும்தான் நேரத்தைத் தின்னும்.

இன்னொரு தடை, பழைய பாடங்களின் வயது. உயிரியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று சில கல்லூரிகள் கேட்கும். சில கேட்பதே இல்லை. நான் கோவையில் மைக்ரோபயாலஜி படித்தது பழசாகிவிட்டதால் மறுபடி எடுத்தேன். அது நல்லதாகவே போயிற்று. ஊரில் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததை இங்கே நோயாளியோடு சேர்த்துப் புரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் வைத்துப் பட்டியலைக் குறைத்துக் குறைத்து விண்ணப்பித்ததில் இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. பெயர் வேண்டாம். ஒன்று வீட்டுக்குப் பக்கம். இன்னொன்று காலை நெரிசலில் முக்கால் மணி நேரம். பக்கத்துக் கல்லூரிக்கு ஊரெல்லாம் நல்ல பேர், என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதமும் அங்கேதான் கூடுதல். கணவர் முதல் நாளே, "இதுல யோசிக்க என்ன இருக்கு? பக்கத்துலயே சேர்ந்துடு" என்றார். யோசிக்க நிறைய இருந்தது.

தேர்ச்சி விகிதத்தை பிஆர்என் தன் தளத்தில் கல்லூரி வாரியாக, ஜூலை முதல் ஜூன் வரையிலான கணக்காக வெளியிடுகிறது. முதல் முறை எழுதுபவர்களில் 75 சதவீதம் பேராவது தேற வேண்டும் என்பது மாநில விதி. அதற்குக் கீழே போன கல்லூரியை நான் பார்க்கவே மாட்டேன். ஆனால் அதற்கு மேலே, 97-க்கும் 93-க்கும் நடுவில் அலைபாய்வதில் அர்த்தமே இல்லை. ஒரு வருடத்தில் முப்பது பேர் தேர்வு எழுதும் கல்லூரியில் ஒரே ஒருவர் தவறினால் 96.7. இரண்டு பேர் தவறினால் 93.3. அந்த ஒருவருக்கு அன்று காய்ச்சலாகக்கூட இருந்திருக்கலாம். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் நான்கைந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், அந்த விகிதத்துக்குள் வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்பது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு கல்லூரியில் நாற்பது பேர் சேர்கிறார்கள். இருபத்தெட்டு பேர் முடிக்கிறார்கள். அதில் இருபத்தேழு பேர் என்கிளெக்ஸ் தேறுகிறார்கள். தேர்ச்சி விகிதம் 96. இன்னொரு கல்லூரியிலும் நாற்பது பேர். முப்பத்தேழு பேர் முடித்து, முப்பத்து நான்கு பேர் தேறுகிறார்கள். விகிதம் 92. தாளில் பார்த்தால் முதல் கல்லூரி உயர்வு. ஆனால் முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்த நாற்பது பேரில் நர்ஸ் ஆனவர்கள் அங்கே இருபத்தேழு, இங்கே முப்பத்து நான்கு. சேரும்போது நாம் யாரென்று நமக்கே தெரியாது. முடித்தவர்களில் ஒருவராகத்தான் எல்லோரும் தங்களை நினைத்துக்கொள்கிறோம்.

நர்ஸிங் வகுப்பில் இடையில் நின்றுபோவது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. பல கல்லூரிகளில் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பாடம் தோல்வி. 74.6-ஐ 75 ஆக்கித் தர மாட்டார்கள். மருந்தளவு கணக்குத் தேர்வில் 90-க்கு மேல் எடுத்தால்தான் மருத்துவமனைக்கே அனுப்புவார்கள். ஒரு பாடம் போனால் அந்த பேட்ச்சை விட்டு வெளியே வந்து, அடுத்த முறை இடம் காலியானால் மட்டும் திரும்ப வரலாம். இரண்டாவது முறை போனால் முடிந்தது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஊரில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, கணவருக்கு வேலை போய்விட்டது என்று இரண்டு வருடத்தில் யார் வீட்டில்தான் ஒன்றும் நடக்காமல் இருக்கும்? அந்த நேரத்தில் கல்லூரி எப்படி நடந்துகொள்ளும் என்பதை நான் பேரைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, போய்க் கேட்பது. இரண்டு கல்லூரிகளின் அறிமுகக் கூட்டத்துக்கும் போனேன். "போன பேட்ச்சில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய நேரத்தில் முடித்தார்கள்?" என்று இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன். தூரத்துக் கல்லூரியில் துறைத் தலைவரே எண்ணைச் சொல்லி, நின்றுபோனவர்கள் ஏன் நின்றார்கள் என்பதையும் பேர் சொல்லாமல் விளக்கினார். திரும்பி வர விரும்புபவருக்குச் செய்துகொடுக்கும் ஏற்பாட்டையும் சொன்னார். பக்கத்துக் கல்லூரியில் தேர்ச்சி விகிதத்தையே மறுபடி சொன்னார்கள். மறுபடி கேட்டபோது, "நன்றாகப் படிப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஏசென் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் முடித்தோர் விகிதத்தையும் கணக்கெடுத்து வைத்திருக்கும். தளத்தில் கண்ணில் படாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்து, நீலநிற ஸ்க்ரப்ஸ் சீருடையில் நின்றிருந்த இரண்டாம் வருட மாணவிகளிடம் பேசினேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். துறை அலுவலகம் சொல்லாதது அவர்களிடம் கிடைக்கும். ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, மருத்துவமனையில் கிளினிக்கல் ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறாரா, தப்பு செய்தால் நோயாளி முன்னாலேயே திட்டுகிறாரா, படிப்புக் குழு உண்டா, வகுப்பு அட்டவணை எவ்வளவு முன்னால் தெரியும் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர், அடுத்த செமஸ்டரின் கிளினிக்கல் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் என்பது வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் தெரியவரும் என்றார். அதைக் கேட்டதும் என் மனம் பாதி முடிவுக்கு வந்துவிட்டது.

கிளினிக்கல் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தூரம் என்று நாம் நினைப்பது கல்லூரிக்குள்ள தூரத்தை. உண்மையில் வாரத்தில் பாதி நாள் போவது மருத்துவமனைக்கு. கலிஃபோர்னியாவில் குறைந்தது 500 மணி நேரம் நேரடியாக நோயாளிகளைக் கவனித்திருக்க வேண்டும். முதியோர், பொது மருத்துவம்-அறுவை, மனநலம், மகப்பேறு, குழந்தைகள் ஆகிய ஐந்து பிரிவுகளிலும் தலா 30 மணி நேரமாவது இருக்க வேண்டும். இந்த இடங்களைக் கல்லூரிதான் மருத்துவமனைகளோடு பேசி ஏற்பாடு செய்கிறது. அதே மருத்துவமனைகளுக்குப் பல்கலைக்கழகங்களும் தனியார் கல்லூரிகளும் போட்டி போடுகின்றன. அதனால் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் மனநலப் பிரிவுக்கு ஒரு மணி நேரம் 880 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிப் போவது சாதாரணம். காலை ஏழு மணி ஷிஃப்ட் என்றால் 6:45-க்கே வார்டில் நிற்க வேண்டும். அப்படியானால் வீட்டை விட்டுக் கிளம்புவது ஐந்தரைக்கு. அந்த நேரத்துக்கு எந்தப் பள்ளியும் திறந்திருக்காது, எந்த டேகேரும் திறந்திருக்காது.

என் மகள் அப்போது முதல் வகுப்பு. காலையில் அவளை எழுப்பித் தயார் செய்து விடுவது கணவர் என்று பேசி முடிவு செய்தோம். அவர் மேலாளரிடம் சொல்லி, கிளினிக்கல் நாட்களில் காலைக் கூட்டங்களைத் தள்ளிவைத்துக்கொண்டார். இப்படிப் பேசி முடிவு செய்ய வேண்டுமென்றால் எந்தெந்த நாள் என்று முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். தூரத்துக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் முன்பே நாளையும் மருத்துவமனையையும் சொல்லிவிடுவார்கள். மகப்பேறும் குழந்தைகள் பிரிவும் சேர்ந்து வந்த செமஸ்டர் கடினமாக இருக்கும் என்று தெரிந்ததால், அந்த மாதங்களைப் பார்த்து அத்தைக்கு டிக்கெட் போட்டோம். முதலில் வேண்டாம் என்று சொன்ன அதே அத்தைதான் ஆறு மாதம் இருந்து சமைத்துப் போட்டு, பேத்தியைப் பார்த்துக்கொண்டார். என் ஸ்க்ரப்ஸைத் தினமும் இஸ்திரி போட்டு வைப்பார். வேண்டாம் அத்தை என்றால் கேட்க மாட்டார். வீட்டில் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தப் படிப்பு மிகக் கடினம். சேர்வதற்கு முன்னால் கணவரோடு உட்கார்ந்து, யார் எந்த வேலை என்று வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

எனக்கு முடிவை உறுதிப்படுத்தியது பிஎஸ்என் இணைப்பு. ஏடிஎன் முடித்தாலே வேலை கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பே ஏரியாவின் பெரிய மருத்துவமனைகளில் புதிதாக முடித்தவர்களை எடுக்கும்போது பிஎஸ்என் இருப்பவர்களை விரும்புகிறார்கள். பொது சுகாதார நர்ஸ் சான்றிதழுக்கும் பிஎஸ்என் தேவை. கம்யூனிட்டி காலேஜ்களே பிஎஸ்என் தர அனுமதிக்கும் மசோதாக்கள் 2024-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநர் கையெழுத்திட மறுத்துவிட்டார். அதனால் இப்போதைக்கு வழி, கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஏடிஎன் கல்லூரி. ஏடிஎன் படிக்கும்போதே கோடை விடுமுறையில் அவர்களுடைய பாடங்களை எடுத்து, முடித்த ஒரு வருட அளவில் பிஎஸ்என்னும் வாங்கிவிடலாம். தூரத்துக் கல்லூரியில் அந்த ஏற்பாடு செயல்பாட்டில் இருந்தது, போன பேட்ச்சில் அதை எடுத்த மாணவியோடும் பேசினேன். பக்கத்துக் கல்லூரியில் "பேச்சு நடக்கிறது" என்றார்கள். பேச்சு நடப்பதை நம்பி இரண்டு வருடத்தைக் கொடுக்க முடியாது.

சேர்வதென்று முடிவானதும் வரும் மருத்துவச் சான்றுகளில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நமக்கெல்லாம் சிறுவயதில் பிசிஜி போட்டிருப்பார்கள், கையில் தழும்பு இருக்கும். அதனால் காசநோய்க்கான தோல் பரிசோதனையில் நோய்த்தொற்று இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டக்கூடும். அப்புறம் எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைச்சல். குவான்டிஃபெரான் என்ற ரத்தப் பரிசோதனையை பிசிஜி பாதிக்காது. முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றுக்கு ஊர்த் தடுப்பூசி அட்டை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டினால் போதும். ஹெபடைட்டிஸ் பி புதிதாகப் போட வேண்டி வந்தால் மூன்று ஊசிக்கு ஆறு மாதம் ஆகலாம். விண்ணப்பிக்கும்போதே தொடங்கிவிட்டால் நல்லது.

படிப்பு எப்படிப் போயிற்று என்று கேட்டால், கடினம்தான். இரண்டாவது செமஸ்டரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் அவசரமாகக் கோவை போக வேண்டி வந்தது. தூரத்துக் கல்லூரி என் கிளினிக்கல் மணி நேரத்தை வேறொரு குழுவோடு ஈடுசெய்ய ஏற்பாடு செய்தது. ஒரு தேர்வைத் தள்ளி எழுதினேன். எந்த விதியையும் எனக்காக வளைக்கவில்லை. விதிக்குள் என்ன வழி இருக்கிறது என்று அவர்களே தேடிச் சொன்னார்கள். அந்த வாரத்தில் நான் வேறு இடத்தில் இருந்திருந்தால் பேட்ச்சை விட்டு வெளியே வந்திருப்பேன் என்றே நம்புகிறேன்.

மருத்துவமனைக்குப் போகத் தொடங்கிய பிறகு இந்த வேலையின் மீது மரியாதை இன்னும் கூடியது. பொது வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கூடாது, தீவிர சிகிச்சையில் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று கலிஃபோர்னியாவில் விதி இருக்கிறது. 1999-இல் சட்டமாகி 2004 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் தன்னந்தனியாக ஒரு முழு வார்டையே தாங்கும் அக்காக்களை நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கும் இப்படி ஒரு சட்டம் வர வேண்டும்.

என்கிளெக்ஸ் இப்போது 2023 ஏப்ரலில் வந்த புது வடிவம். குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். நாம் விடை சொல்லச் சொல்ல அடுத்த கேள்வியின் கடினம் மாறும். நோயாளியின் கதையைக் கொடுத்து, எதை முதலில் கவனிப்பாய் என்று கேட்பார்கள். மனப்பாடம் உதவாது. வார்டில் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஓயாமல் கேட்ட கிளினிக்கல் ஆசிரியர்தான் எனக்கு உதவினார். தேறினேன். இப்போது ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். பிஎஸ்என்னும் முடியும் நிலையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இரண்டு இடத்தில் இடம் கிடைத்தவர்கள், வேண்டாத இடத்துக்கு அன்றே கடிதம் எழுதிவிடுங்கள். கெடு முடியும்வரை கையில் வைத்திருப்பது பலரின் வழக்கம். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு அந்த இடம் கெடுவுக்கு முந்தின நாள் போனால், அவர் ரத்தப் பரிசோதனை, சிபிஆர் சான்று, பின்னணிச் சோதனை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாவற்றையும் சில நாளில் முடிக்க வேண்டியிருக்கும். முடியாமல் இடத்தை விட்டவர்களும் உண்டு. பக்கத்துக் கல்லூரிக்கு நான் மறுப்புக் கடிதம் அனுப்பிய அதே வாரத்தில், அந்தப் பட்டியலில் இருந்த ஒருவருக்கு அழைப்பு போனதாக அலுவலகத்தில் சொன்னார்கள்.